ஏரிக்குப் போகிற வழியில் தட்டிய செய்தி

எனக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரேடியோவுக்கு வந்ததே அதனால்தான். மலையடிவாரத்தில் அன்றைக்கு நடந்ததும் அதைச் சொல்லாமல் புரியாது.

சொந்த ஊர் நகரி பக்கம், விவசாயக் குடும்பம். வேலை சித்தூரில், கரண்ட் ஆபீசில். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. இரண்டிலும் ஒரே மாதிரிதான் திக்கும். 'க'வும் 'ப'வும் ரொம்ப மோசம். நேரில் பேசும்போதாவது எதிரில் நிற்பவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். போனில் அதுவும் கிடையாது. இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்பார்கள், வைத்துவிடுவார்கள். ஆபீசில் என் மேஜையில் போன் அடித்தால் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து எடுப்பார். அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே வழக்கமாகிவிட்டது.

முப்பது வயதில் திருப்பதியில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஓர் அறையில் நான்கு பேர் ரேடியோ செட் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அந்தக் காலத்துத் தந்தி ஆபீசில் இருந்தது போன்ற சின்ன பித்தளைச் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒலி குட்டையும் நெட்டையுமாக வந்தது. அதுதான் மோர்ஸ் என்றார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் வீட்டில் சொந்தமாக செட் வைத்து, உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் இன்னொரு லைசென்ஸ்காரரோடும் பேசலாம். ஹாம் ரேடியோ என்பார்கள். பெரும்பாலானவர்கள் மைக்கில் பேசுகிறார்கள். சிலர் மோர்ஸில் தட்டுகிறார்கள். நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் அந்த மனிதர் விசாகப்பட்டினத்தில் ஒருவரோடும் இலங்கையில் ஒருவரோடும் பேசி முடித்துவிட்டார். வாயை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

ஆறு மாதத்தில் மோர்ஸ் கற்றுக்கொண்டேன். என் விரல் எந்த எழுத்திலும் தடுக்கவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷமாக என் வீட்டில் மைக் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஒரு புதிய சிக்னல் வந்தது. சுத்தமான கை. எழுத்துகளுக்கு நடுவே சரியான இடைவெளி, ஒரு சொல்கூட வீண் இல்லை. சூளூர்பேட்டையிலிருந்து தட்டுவதாகச் சொன்னார். பெயர் என்று இரண்டே எழுத்து கொடுத்தார். மோர்ஸில் அது போதும். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்த நேரத்துக்குப் பேசிக்கொண்டோம். மழை எவ்வளவு, ஆன்டெனா எவ்வளவு உயரம், நேற்று யார் கிடைத்தார்கள், இப்படித்தான். என் அப்பா இறந்தபோது பத்து நாள் நான் செட்டைத் தொடவில்லை. பதினோராம் நாள் திறந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னேன். "நாளைக்கும் இதே நேரம் இருப்பேன்" என்று மட்டும் தட்டினார்.

நான் அவருடைய போன் நம்பரைக் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும். அவரும் என்னுடையதைக் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன ஜனவரியில், சங்கராந்தி முடிந்த வாரம், ஒரு நாள் காலை அவர் தட்டினார்: "பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வந்துவிட்டன. மனைவியை அழைத்துக்கொண்டு வாருங்கள்."

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நான்கு நாள் யோசித்தேன்.

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கும் நகரி பக்கத்துக் கிராமம்தான். விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"ஏழு வருஷமா டிக்கு டிக்குன்னு தட்டிக்கினு கீறீங்க. அவரே கூப்புடறாரு. போறதுக்கு இன்னா?" என்றாள்.

"அவருக்கு என் ப... ப..."

"பேச்சு திக்கும்னு தெரியாது. அதானே? தெரிஞ்சா இன்னா இப்போ?"

இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நான் தொடங்குவேன், அவள் முடிப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் முழுதாகச் சொல்லி முடித்த வாக்கியங்கள் குறைவு. அவள் முடித்து வைத்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு மட்டும் விட மனசில்லை.

"அங்க நான் பே... பேசும்போது நீ மு... முடிக்கக் கூடாது" என்றேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அவள் அந்தச் சொற்களையும் பிடுங்கவில்லை. காத்திருந்தாள்.

"உதவி பண்றேன்னு நினைச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

"தெ... தெரியும்."

"சரி. வூட்ட வுட்டு கெளம்பனா வாயத் தொறக்கமாட்டேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். காரின் பின்சீட்டில் செட், முப்பது அடி ஒயர், ஒரு கட்டு நைலான் கயிறு, கிளைமேல் எறிவதற்கு ஒரு தண்ணீர் பாட்டில். கையடக்கமான சின்ன செட் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். அதில் மைக்கில்தான் பேச முடியும். எதற்காக எடுத்தேன் என்று தெரியவில்லை. சார்ஜில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

புத்தூர் வரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நகரி மலையின் மூக்கு போன்ற பாறை முனை வலது பக்கம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் கடலில் போகும் கப்பல்களுக்கு அந்த மூக்குதான் அடையாளம் என்பார்கள். சின்ன வயதில் நான் அதை நம்பியதில்லை. எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் மலைதான் தெரியும், கடல் எங்கேயோ இருந்தது. ஆனால் அன்றைக்கு எங்கள் பயணமே அந்த மலையிலிருந்து கடலோரத்துக்குத்தான். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

நாராயணவனத்தில் காலை நாஷ்டா முடித்துவிட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். பாட்டிலில் கயிற்றைக் கட்டி ஒரு வேப்பமரத்தின் மேல் எறிந்து ஒயரை ஏற்றினேன். வண்டி பாட்டரியிலிருந்து செட்டுக்குக் கரண்ட். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

"இன்னா சார், சர்வேயா? இந்தப் பக்கமும் ரோடு பெருசு பண்றாங்களா?"

வழக்கமாக என் மனைவிதான் பதில் சொல்வாள். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இ... இல்ல. ரே... ரேடியோ."

"ரேடியோவா? பாட்டு வருமா?"

"வ... வராது."

"அப்புறம் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் தட்டியதும் சூளூர்பேட்டை உடனே கிடைத்தது. "நாகலாபுரம் தாண்டியதும் பெரிய சாலையை விட்டுவிட்டு மலையை ஒட்டிய சாலையில் வாருங்கள். லாரி இருக்காது. காட்டைப் பார்த்துக்கொண்டே வரலாம்" என்றார். "இன்று கடை லீவு. செட்டை அணைக்க மாட்டேன்." அவருக்குக் கடை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தச் சாலை அவர் சொன்னது போலவே இருந்தது. இடது பக்கம் மலை நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கியது. பாறைகளுக்கு நடுவே பச்சை. வலது பக்கம் கரும்பும் நெல்லும் மாந்தோப்பும். மாமரங்களில் பூ கட்டத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் எதிரே வந்தவை இரண்டு பைக், ஒரு பால் வண்டி. மனைவி ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு வளைவில் கரும்புக் கட்டுகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. பிரேக் போட்டேன். ஓரப் பள்ளத்தில் ஒரு டிராக்டர் குடை சாய்ந்து கிடந்தது. டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே மறித்திருந்தது. பள்ளத்திலிருந்து ஒரு பெண் எழுந்து எங்களை நோக்கி ஓடி வந்தாள். முழங்கையில் ரத்தம்.

"சார், சார், எங்க வூட்டுக்காரரு அடில மாட்டிக்கினாரு சார். வந்து தூக்குங்க சார்."

இறங்கிப் பார்த்தேன். டிராக்டரின் பெரிய சக்கரத்தை மூடும் மட்காட் தகடு அவருடைய இடது காலின் மேல், முழங்காலுக்குக் கீழே, அழுத்திக் கிடந்தது. நாற்பது வயது இருக்கும். பள்ளத்தில் மழைத்தண்ணீர் கொண்டு வந்த மணல் நிறைய இருந்ததால் கால் மணலுக்குள் புதைந்திருந்தது. அது மட்டும் கட்டாந்தரையாக இருந்திருந்தால் அப்போதே எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு நினைவு இருந்தது. முகம் வெளுத்து வேர்த்திருந்தது. வெல்ல ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனார்களாம். வளைவில் ஒரு பக்கத்துச் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டதாம். அந்தப் பெண் மறுபக்க மட்காட்டில் உட்கார்ந்திருந்ததால் தூக்கி எறியப்பட்டு, சிராய்ப்போடு தப்பித்தாள்.

முதலில் டிராக்டர் பாட்டரி ஒயரைக் கழற்றினேன். டீசல் கசிந்துகொண்டிருந்தது. வேலைப் பழக்கம், கை தானாகவே அங்கே போனது. பிறகு போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. மனைவி போனிலும் இல்லை. அந்தப் பெண்ணின் போன் விழுந்து உடைந்திருந்தது. கடைசியாகக் கடந்த கிராமம் இருபது நிமிஷத் தொலைவில் இருந்தது. முன்னால் எவ்வளவு தூரம் என்று தெரியாது, தெரிந்தாலும் டிரெய்லர் மறித்துக்கொண்டிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று பார்த்தேன். மணலில் ஜாக்கி இறங்கினால் மொத்த எடையும் மறுபடி அந்தக் காலின் மேல் வரும்.

திருப்பதி பக்கம் ஒரு மலையுச்சியில் ரிப்பீட்டர் இருக்கிறது. சின்ன செட்டில் பேசினால் அதை வாங்கி நான்கு மாவட்டத்துக்கு அனுப்பும் கருவி. கையடக்க செட்டை எடுத்துப் பட்டனை அழுத்தினேன்.

மைக்கில் நான் பேசுவது லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. "எ... எமர்ஜென்சி" என்பது வந்துவிட்டது. அதற்கு மேல் 'டிராக்டர்' என்ற சொல்லில் நின்றுவிட்டது. பட்டனை அழுத்தியபடியே நிற்கிறேன், தாடை இறுகிவிட்டது. விட்டேன். ஒரு ஆண் குரல் வந்தது.

"மீ சிக்னல் கட் அவுதோந்தி. எத்தைன சோட்டுக்கி வெள்ளண்டி."

உங்கள் சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது, மேடான இடத்துக்குப் போங்கள் என்கிறார். என் காது சுட்டது. என் திக்கலை சிக்னல் கோளாறு என்று நினைத்துவிட்டார் என்று தோன்றியது. மறுபடி அழுத்தினேன். அது முதல் தடவையைவிட மோசம். பள்ளத்தில் அந்தப் பெண் அழுகிறாள். என் மனைவி கையை மட்டும் நீட்டினாள்.

நான் உடனே கொடுக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னும் ஒரு தடவை முயன்றேன். ஒரு மனிதன் டிராக்டருக்கு அடியில் கிடக்கும்போது நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டு கால் நிமிஷமோ அரை நிமிஷமோ வீணாக்கினேன். அப்புறம் கொடுத்தேன்.

அவள் பாடம் நடத்தும் குரலில், தெலுங்கில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். டிராக்டர் கவிழ்ந்துவிட்டது, ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஆம்புலன்ஸ் வேண்டும். பட்டனை விட்டதும் அதே குரல் வந்தது.

"கட் அவுதோந்தி, கட் அவுதோந்தி. எவரு மாட்லாடுதுன்னாரு?" யார் பேசுவது என்று கேட்கிறார்.

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கும் அதேதான் சொல்றாரு."

அப்போதுதான் உறைத்தது. மலை குறுக்கே நிற்கிறது. சிக்னல் நிஜமாகவே அறுந்துகொண்டிருக்கிறது. பெரிய செட் அப்படி இல்லை. அதன் அலை வானத்துக்குப் போய்த் திரும்பி இறங்கும், மலை அதற்குத் தடையில்லை. ஓடிப்போய், கயிறு கட்டிய பாட்டிலைச் சாலையோர மரத்தின் மேல் எறிந்தேன். முதல் எறி கிளையில் படவில்லை. இரண்டாவது தங்கியது. ஒயர் ஏறியது. காரின் முன் மூடியின் மேல் செட்டை வைத்துச் சாவியைத் தட்டினேன். சூளூர்பேட்டையை மூன்று தடவை கூப்பிட்டேன்.

நான்காவது தடவைக்குள் பதில் வந்துவிட்டது.

விபத்து என்று தட்டினேன். டிராக்டர், கால் மாட்டிக்கொண்டது, நினைவு இருக்கிறது, ஆம்புலன்ஸும் ஆட்களும் வேண்டும். அங்கிருந்து ஒரே கேள்வி வந்தது: "எங்கே?"

அந்தச் சாலைக்குப் பெயர் கிடையாது. மைல்கல்லும் கண்ணில் படவில்லை. போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் காட்டியது. மனைவி எண்களைப் படிக்கப் படிக்க நான் தட்டினேன். மோர்ஸில் எண்கள் நீளமானவை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தட்டு. அவசரத்தில் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டினேன்.

"சார், போன் பண்ணுங்க சார். இன்னாத்துக்கு டிக்கு டிக்குன்னு தட்டிக்கினு கீறீங்க?" என்று பள்ளத்திலிருந்து டிரைவர் கேட்டார்.

சூளூர்பேட்டை பதில் தட்டியது: "எண்பத்தொன்பது என்றால் நடுக்கடல். எழுபத்தொன்பதா?"

ஏழுக்கு இரண்டு நெட்டை, மூன்று குட்டை. எட்டுக்கு மூன்று நெட்டை, இரண்டு குட்டை. ஒரே ஒரு தட்டு நீண்டுவிட்டது. எழுபத்தொன்பது என்று மூன்று தடவை தட்டினேன். அவர் எல்லா எண்களையும் முழுதாகத் திருப்பித் தட்டினார். சரி என்றேன். "காத்திருங்கள்."

அந்தக் காத்திருப்பு நான்கு நிமிஷம். பிறகு வரிசையாக வந்தது. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. போலீஸ் மூலமாகப் பக்கத்துக் கிராமத்துக்குச் சொல்லியாகிவிட்டது. காலை இழுக்காதீர்கள். வண்டியைத் தூக்கப் பார்க்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கடைசி இரண்டும்தான் கஷ்டம். அவர் தண்ணீர் தண்ணீர் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி முந்தானையை நனைத்து உதட்டைத் துடைத்தாள்.

"ஒரு வாய் குடுங்கம்மா."

"ஆஸ்பத்திரில குடுப்பாங்கப்பா. இப்போ குடிச்சா மயக்க மருந்து குடுக்க முடியாதாம். பொறுத்துக்கோ."

"காலு மரத்துப்பூட்ச்சிம்மா. இருக்குதா இல்லியான்னே தெர்ல."

"கீதுப்பா. நான் பாத்துக்கினுதானே கீறேன்."

செட்டை விட்டு நகர முடியாததால் நான் காரிலிருந்தே அவரோடு பேசினேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கரும்பு யாருடையது. என் கேள்விகள் திக்கித் திக்கித்தான் போயின. அவர் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து பதில் சொன்னார். அவருக்கு என் பேச்சு ஒரு பொருட்டாகவே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஸ்ரீகாளஹஸ்தியில் படிக்கிறாளாம். கரும்பு குத்தகை நிலத்துடையது. டிராக்டர் வாடகைக்கு எடுத்தது.

கிராமத்து ஆட்கள் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தார்கள். இரண்டு டிராக்டர், கயிறு, கடப்பாரை, பதினைந்து பேர். யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். முதலில் மட்காட்டுக்கு அடியில் மரக்கட்டைகளைத் திணித்தார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை தூக்க வேண்டாம் என்று சூளூர்பேட்டை சொன்னதை நான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் கயிறு கட்டி இரண்டு டிராக்டரும் மெதுவாக இழுத்தன. ஒரு சாண் உயர்ந்ததும் நான்கு பேர் அவரை வெளியே எடுத்தார்கள். அவர் போட்ட கூச்சலில் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் கோணலாக இருந்தது, ஆனால் இருந்தது.

ஆம்புலன்சில் வந்த பையன் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "நீங்கதானா சார் அந்த ரேடியோகாரரு? சூளூர்பேட்டைலேர்ந்து ஒரு மேடம் போன் மேல போன் பண்ணாங்க. அடிவாரத்து ரோட்டுல எந்தப் பக்கம் திரும்பணும்னு கூட அவங்கதான் சொன்னாங்க."

"உங்க ரேடியோகாரரு வூட்டம்மாவா இருக்கும்" என்றாள் என் மனைவி, ஆம்புலன்ஸ் போன பிறகு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரைவரை எடுத்துவிட்டார்கள், திருப்பதிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தட்டினேன். "நன்றி. மெதுவாக வாருங்கள்" என்று வந்தது. டிரெய்லரை ஓரம் கட்டி வழி விட்டார்கள்.

சத்தியவேட்டில் கை கால் கழுவி, சோறு தின்றோம். என் மனைவியின் முந்தானை மணலும் டீசலுமாக இருந்தது. "அரை நிமிஷம் நான் செ... செட்டைத் தரல" என்றேன். "பாத்தேன். ஆனா குடுத்தீங்க இல்ல" என்றாள்.

சூளூர்பேட்டை சேரும்போது மூன்றரை மணி. ஏரிக்குக் குறுக்கே போகும் சாலையில் முதல் பாலத்தருகே சந்திப்பதாகப் பேச்சு. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர் வற்றிய இடத்தில் சேறு, தொலைவில் பூநாரைகள் வெள்ளைக் கோடாக நின்றன. பாலத்தருகே இரண்டு குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஹெல்மெட் கையில் இருந்தது. என் வயதில் தனியாக ஒரு ஆண் எங்கேயாவது நிற்கிறாரா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. குட்டையும் நெட்டையுமாக, இரண்டு எழுத்து. ஏழு வருஷமாக நான் கேட்ட அதே கை.

நான் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி என்னைப் பார்த்து, அந்த அம்மாவைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மோர்ஸ்காரர்கள் எதிரில் இருப்பவரைக் கூப்பிட ஒரு சுருக்கச் சொல் உண்டு. பெரியவரே என்பது போல, ஆண்களைக் கூப்பிடும் சொல். ஏழு வருஷமாக அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் திருத்தவில்லை.

"சாரி சார்" என்றார், நான் இறங்கியதும். "மொதல்ல சொல்லல. அப்புறம் ரொம்ப லேட் ஆயிட்ச்சி. அவர் எப்டி கீறாரு?"

சொன்னேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் முதலில் ஒரு வியப்பு வந்தது. அதை நான் கவனித்தேன், அவரும் நான் கவனித்ததைக் கவனித்தார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. என் மனைவி பாலத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூநாரைகளையே பார்த்தாள். அவளுக்கும் அது சுலபமாக இல்லை. நான் முடித்ததும் அவர் தலையாட்டினார்.

"எனக்கு மெடிக்கல் ஷாப்பு சார். ஆரம்பத்துல மைக்லதான் பேசனேன். பொம்பள கொரல்னு தெரிஞ்சதும் பத்து பேரு வரிசையா கூப்புடுவாங்க. கல்யாணம் ஆயிட்ச்சா, வூடு எங்க. ஆன்டெனா பத்தி ஒருத்தரு கேக்க மாட்டாங்க. மைக்கக் கழட்டி வெச்சிட்டேன். கையில தட்டனா ஆம்பளயா பொம்பளயான்னு யாருக்குத் தெரியும்?"

"எ... எனக்கும் மை... மைக்கு ஆகாது" என்றேன்.

"அது சரி" என்றார். பிறகு, "எண்பத்தொம்பதுன்னு வந்தப்போ என் பென்சில் முனை ஒடஞ்சிப்பூட்ச்சி சார். ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல வேற நம்பவே இல்ல. ரேடியோல வந்துச்சா, எந்த ஸ்டேஷன், நியூஸ்லயான்னு கேக்கறாங்க. ரெண்டு காதுல ரெண்டு போனு. ஒரு கை சாவில."

அவர் தூக்குச்சட்டியில் மீன் வறுவல் கொண்டு வந்திருந்தார். அதையும் ஒரு பிளாஸ்க் டீயையும் கார் மூடியின் மேல் வைத்து மூன்று பேரும் தின்றோம். என் மனைவியும் அவரும் பேசத் தொடங்கி, பெண் பிள்ளைகள், முழங்கால் வலி, மாத்திரை என்று எங்கேயோ போய்விட்டார்கள். நான் பறவைகளைப் பார்த்தேன். கிட்டத்தில் பார்த்தால் அவை வெள்ளை இல்லை, இறக்கையைத் தூக்கும்போது உள்ளே சிவப்பு. மேற்கே மலைகள் நீல நிறத்தில் தெரிந்தன. எது நகரி மலை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் சாயும் முன் கிளம்பினோம். பெரிய சாலையிலேயே திரும்பினோம்.

பத்து நாள் கழித்து திருப்பதியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவரைப் பார்த்தோம். காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து நடக்கலாம், டிராக்டர் ஓட்டுவது பிறகு பார்க்கலாம் என்றார்களாம். கரும்பை ஊர்க்காரர்களே வேறு டிரெய்லரில் ஏற்றி ஆலையில் போட்டுவிட்டார்கள். பெரிய பெண் லீவு எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"சார், அன்னிக்கு யாருக்குத் தட்டனீங்க?" என்று அவர் கேட்டார். சொன்னேன். "பொம்பளயா?" என்று ஆச்சரியப்பட்டார். மகள், "இன்னா நைனா, அதுல இன்னா?" என்றாள்.

அவருடைய மனைவி எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். முழங்கையில் காயம் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி நடந்தாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் சித்தூர் பஸ் ஏறினோம்.